ஆறாத புண்ணுக்கு அடிக்கடி கட்டு எதற்கு?

தோல் புற்றுநோய் முற்றி, தோலைக் கிழித்துக்கொண்டு புண்ணாக வெளியே வந்துவிட்டது. வாராவாரம் அளந்து எழுதுகிறார்கள்: 4 செ.மீ., 5.5 செ.மீ., 7 செ.மீ. நீர் வடிவது கூடுகிறது, கட்டைப் பிரித்தால் வாடை அறை முழுக்க நிற்கிறது. இந்த நேரத்தில் நர்ஸ் ஆனாலும் வீட்டு ஆள் ஆனாலும் வழக்கமாகச் செய்வது இரண்டு காரியம். டிரெஸ்ஸிங் வகையை மாற்றுவார்கள். நாளுக்கு ஒரு முறை கட்டியதை இரண்டு, மூன்று என்று கூட்டுவார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனாலும் அந்த இரண்டாவது காரியம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டியின் மேற்பரப்பு உரிகிறது, ரத்தம் கசிகிறது, வலி கிளம்புகிறது, சுற்றியுள்ள நல்ல தோலைப் பிளாஸ்டர் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வருகிறது. மூன்று முறை பிரித்தால் மூன்று மடங்கு சேதம். கடைசியில், புண் மோசமானதில் நோயின் பங்கு எவ்வளவு, நம் கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது.

அளவு நாடாவுக்கும் இதில் பங்கு உண்டு. படுக்கைப் புண்ணுக்கும் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் தயாரித்த அதே குறிப்புத் தாளை இங்கேயும் நிரப்புகிறோம். அந்தப் புண்களில் பரப்பு குறைந்தால் கவனிப்பு சரி, குறையாவிட்டால் எங்கோ கோளாறு. புற்றுநோய்ப் புண்ணில் அந்தக் கணக்கு செல்லாது. மிக நல்ல கவனிப்பிலும் புண் வளரும். வளர்ச்சியை டாக்டருக்குச் சொல்ல அளவு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கவனிப்பு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எழுத வேண்டியவை வேறு: ஒரு நாளுக்கு எத்தனை பேட் நனைந்தது, இரவில் உடுப்போ விரிப்போ ஈரமானதா, வாடை எவ்வளவு தூரம் வருகிறது, கட்டு மாற்றும்போது வலி 10-க்கு எத்தனை, மற்ற நேரம் எத்தனை, ரத்தம் எத்தனை முறை கசிந்தது, தூக்கம் எப்படி. இவற்றோடு ஒரு கேள்வி: இன்றைக்கு இந்தப் புண்ணில் உங்களுக்கு மிகவும் தொந்தரவாக இருப்பது எது? பதில் பல நேரம் நாம் நினைத்ததாக இருக்காது. நாம் ரத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். அவருக்கோ சட்டையில் தெரியும் மேடுதான் பிரச்சினை.

புண்ணின் தரையே கட்டி

சாதாரணக் காயத்தில் அடியில் நல்ல திசு இருக்கிறது. ஈரம், சுத்தம், ரத்த ஓட்டம் மூன்றும் கிடைத்தால் அது மேலெழுந்து வரும். இங்கே அடியில் இருப்பது கட்டி. புற்றுச் செல்கள் தோலுக்குள் ஊடுருவி ரத்த நாளங்களையும் நிணநீர்க் குழாய்களையும் நெருக்குகின்றன. ரத்தம் போகாத இடம் செத்துப்போகிறது. செத்த திசுவில் பாக்டீரியா குடியேறுகிறது. கட்டி தனக்காக உருவாக்கிக்கொள்ளும் புது நாளங்கள் சுவர் மெலிந்தவை; நீரை எளிதில் கசியவிடும், லேசாக உரசினாலும் உடையும். வாடை, நீர், ரத்தம் மூன்றும் கிளம்புவது இந்த ஒரே இடத்திலிருந்து. புண் காலிஃபிளவர் போல வெளியே புடைத்து வளரலாம், பள்ளமாக உள்ளே அரித்துக்கொண்டும் போகலாம். ஒரே புண்ணில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. புடைத்ததற்கு ரத்தக் கசிவும் உரசலும் முதல் கவலை. பள்ளத்துக்குத் தேங்கும் நீரும் வாடையும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். இது ஆறாத புண்தான் என்ற முடிவை டிரெஸ்ஸிங் செய்பவர் எடுக்கக் கூடாது. தோல் புற்று ஸ்குவாமஸ் செல் வகையானாலும் பேசல் செல் வகையானாலும் மெலனோமா ஆனாலும், கட்டியையே சுருக்க வழி இருக்கிறதா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு அடங்காத பேசல் செல் புற்றுக்கு விஸ்மோடெகிப் கேப்சூல் 2012 முதலும், முற்றிய ஸ்குவாமஸ் செல் தோல் புற்றுக்கு செமிப்லிமாப் ஊசி 2018 முதலும் அமெரிக்க அங்கீகாரம் பெற்றுப் பயன்பாட்டில் உள்ளன. குணமாக்கும் நோக்கமில்லாமல், ரத்தத்தையும் நீரையும் வலியையும் அடக்க மட்டும் கொடுக்கும் குறுகிய கால ரேடியேஷனும் உண்டு; சில சமயம் ஒரே ஒரு தடவை போதும். எந்த டிரெஸ்ஸிங்காலும் நிறுத்த முடியாத கசிவை அது நிறுத்தியிருக்கிறது. சிகிச்சை பலிக்கத் தொடங்கும்போது கட்டி கரைந்து உதிர்வதால் சில நாட்களுக்கு நீர் கூடலாம், ரத்தமும் கசியலாம். அதைப் பார்த்து மோசமாகிறது என்று முடிவு கட்டக் கூடாது. ரேடியேஷனுக்குப் போகும் முன் வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங்கைப் பற்றி அங்குள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள். உலோகம் இருப்பதால் தோலின் மேற்பரப்பில் படும் அளவு கூடும். வழக்கமாக அதை எடுத்துவிடச் சொல்வார்கள்.

தொடும் அடுக்கு, உறிஞ்சும் அடுக்கு

கட்டு மாற்றும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஆனால் நீர் வடிவதோ நாளுக்கு நாலு பேட். இரண்டையும் எப்படிப் பொருத்துவது? பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிரெஸ்ஸிங்கை ஒரே பொருளாக நினைக்கும்வரை விடை கிடைக்காது. புண்ணைத் தொடும் அடுக்கு ஒன்று, நீரை வாங்கும் அடுக்கு வேறொன்று என்று பிரித்துவிட்டால் சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். தொடும் அடுக்கு பல நாள் அப்படியே இருக்கும். உறிஞ்சும் அடுக்கை வேண்டியபோது மாற்றலாம். புண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

தொடும் அடுக்குக்கு நல்ல தேர்வு, சிலிகோன் பூசிய சல்லடை வலை. ஈரப் புண்ணில் ஒட்டாது, உலர்ந்த தோலில் மெல்லப் பிடித்துக்கொள்ளும். தயாரிப்பைப் பொறுத்து 7 நாள் வரை, சில வகை 14 நாள் வரை வைக்கலாம். புண்ணின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. இருக்கும்படி வெட்டுங்கள். மடிப்பு விழாமல் பரப்புங்கள். மடிப்புக்கு அடியில் நீர் தேங்கும். இரண்டு துண்டு வைக்க வேண்டி வந்தால், ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்காத அளவுக்கு ஓரத்தில் மட்டும் மேலே ஏறட்டும். கெட்டிச் சீழ் ஓட்டைகளை அடைத்துவிட்டால் நீர் வலைக்கு அடியில் தேங்கித் தோல் வெந்துபோகும். அப்போது கெடுவைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டியதுதான். பாரஃபின் மெழுகு ஊறிய வலைத்துணியான பாரஃபின் காஸ் விலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் ஓரிரு நாளில் காய்ந்து, அதன் கண்களுக்குள் திசு நுழைந்து ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் வைக்க வேண்டிய நிலை என்றால் இரண்டு, மூன்று மடிப்பாக வைத்து, காயும் முன்பே மாற்றுங்கள். பாரஃபின் ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

உறிஞ்சும் அடுக்கை நீரின் அளவு பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர் குறைவென்றால் மெல்லிய ஃபோம், அதாவது பஞ்சு மாதிரியான டிரெஸ்ஸிங், போதும். நடுத்தரம் என்றால் தடித்த ஃபோம். கொட்டுகிறது என்றால் நீரை ஜெல்லாக மாற்றிப் பிடித்து வைக்கும் அதி உறிஞ்சு பேட். அமுக்கினாலும் நீரைத் திருப்பி விடாது என்பது அதன் பெரிய வசதி. கிடைக்காத இடத்தில் காஸும் பஞ்சும் சேர்த்துத் தைத்த பேட், அதற்கு மேல் பெரியவர்களுக்கான டயப்பரை வெட்டாமல் முழுதாக வைப்பது. வெட்டினால் உள்ளே இருக்கும் துகள் கொட்டும். எப்போது மாற்றுவது என்பதற்குக் கடிகாரம் வேண்டாம், கறையைப் பாருங்கள். பேடின் வெளிப்பக்கத்தில் கறை ஓரத்துக்கு 2 செ.மீ. தூரம் வந்ததும் மாற்றினால் போதும். ஓரத்தைத் தொட்டுவிட்டால் தாமதம்தான். அந்த ஈரப்பாதை வழியே கிருமி உள்ளே போகும், உடுப்பும் நனையும்.

பள்ளமான புண்ணில் வலைக்கு முன் குழியை நிரப்ப வேண்டும். நீரை உறிஞ்சும் நாரால் ஆன ஹைட்ரோஃபைபர் நாடா இதற்கு ஏற்றது. நீர் பட்டதும் ஜெல்லாகும், ஒரே துண்டாக வெளியே வரும். தளர்வாக, குழியின் கொள்ளளவில் முக்கால் பாகம்தான் வைக்க வேண்டும், ஊறி உப்புவதற்கு இடம் வேண்டுமல்லவா. இறுக்கித் திணித்தால் நாளங்கள் நசுங்கும், வலிக்கும், நீர் வெளியேற வழியிருக்காது. நாடாவின் நுனி வெளியே தெரியட்டும். எத்தனை துண்டு உள்ளே போனது என்பதை எழுதி வையுங்கள். உள்ளே மறந்துபோன ஒரு துண்டுதான், எந்த மருந்துக்கும் அடங்காத வாடைக்குக் காரணமாக இருப்பது அபூர்வமல்ல.

சிறிய வாயுள்ள புண்ணிலிருந்து பேட் தாங்காத அளவு நீர் வந்தால் பேடை விட்டுவிட்டு, அறுவை செய்து வயிற்றில் வைத்த குடல் வாய்க்குப் போடும் பை மாதிரியான சேகரிப்புப் பையை ஒட்டலாம். வாடையும் அதற்குள் அடங்கிவிடும்.

கட்டைப் பிரிக்கும் வேளை

எத்தனை குறைத்தாலும் என்றாவது முழுக் கட்டையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு 30 முதல் 45 நிமிடம் முன்பு, மருத்துவர் எழுதிக் கொடுத்த உடனடி மார்ஃபின் டோஸ் உள்ளே போயிருக்க வேண்டும். கட்டைப் பிரிக்கத் தொடங்கிவிட்டு மாத்திரையைத் தேடுவதில் பயனில்லை. வேண்டிய பொருள் அத்தனையும் எடுத்து, வலையை வெட்டி, பேடைப் பிரித்துத் தயாராக வைத்த பிறகே பழைய கட்டில் கை வைக்க வேண்டும். புண் காற்றில் திறந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் எரிச்சல்தான்.

கழுவும் உப்பு நீர், அதாவது சலைன், இளஞ்சூடாக, உடல் சூட்டில் இருக்கட்டும். வீட்டில் தயாரிப்பதானால் கொதித்து ஆறிய 500 மி.லி. நீருக்கு 4.5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய முக்கால் டீஸ்பூன். சுத்தமான மூடிய பாட்டிலில் வைத்து, 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். பிளாஸ்டரைச் செங்குத்தாக இழுக்காமல், ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, பிளாஸ்டரைத் தோலோடு ஒட்டினாற்போல் மடக்கி உரியுங்கள். சிலிகோன் ரிமூவர் ஸ்ப்ரே இருந்தால் இந்த வேலை பாதியாகும். ஒட்டிக்கொண்ட அடுக்கை இழுக்க வேண்டாம்; சலைன் ஊற்றி 10 நிமிடம் ஊற விடுங்கள், விடவில்லை என்றால் இன்னொரு 10 நிமிடம். அப்போதும் விடாத சிறு பகுதியைச் சுற்றி வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடலாம், அடுத்த முறை தானே வரும்.

கழுவுவது என்றால் ஊற்றிக் கழுவுவது. காஸால் தேய்ப்பதில்லை. 20 அல்லது 30 மி.லி. சிரிஞ்சில் சலைன் எடுத்து, ஊசி இல்லாமல், மெல்ல விடலாம். குளிக்க முடிந்தவர் ஷவரில் நின்று, நீர் நேரே புண்ணில் அடிக்காமல் மேலிருந்து வழிந்து ஓடும்படி கழுவிக்கொள்வது இன்னும் நல்லது; அவருக்கு அதில் கிடைக்கும் நிம்மதியை சிரிஞ்ச் தராது. ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். கருத்த செத்த தோலைக் கத்தரியால் வெட்டிச் சுத்தம் செய்யும் ஆசையும் வேண்டாம். அதன் அடியில் நாளம் எங்கே ஓடுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நீர் இல்லாமல் காய்ந்து இறுகிய கருந்தோலை உலர்வாகவே விட்டு வைப்பதுதான் பல நேரம் சரி. நனைத்து இளக்கினால் வாடையையும் நீரையும் நாமே வரவழைத்ததாகிவிடும்.

கட்டு மாற்றாத நேரத்திலும் புண்ணின் பரப்பு எரிந்துகொண்டே இருந்தால், 10 மி.கி. மார்ஃபின் ஊசிமருந்தை 8 கிராம் ஹைட்ரோஜெல்லில் (நீர் நிறைந்த ஜெல்) கலந்து புண்ணின் மேல் வைக்கும் முறை ஒன்று உண்டு. மருத்துவர் எழுதித் தர வேண்டியது. திறந்த புண்ணில்தான் வேலை செய்யும், மூடிய தோலில் அல்ல. புண் மிகப் பெரிதாக இருந்தால் மருந்து உடம்புக்குள்ளும் ஏறும் என்பதால் மயக்கத்தைக் கவனிக்க வேண்டும். மின்னல் வெட்டுவது போலவோ சுள்ளென்று குத்துவது போலவோ வலி இருந்தால் அது நரம்பு வலி. அதற்கு மாத்திரை வேறு. அரிப்பும் அப்படித்தான். கட்டி தோலை இழுத்து நரம்பு முனைகளை உறுத்துவதால் வரும் அரிப்பு அலர்ஜி மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. குளிர வைத்த ஹைட்ரோஜெல் தகடு ஓரளவு கேட்கும்.

வாடை

புண்ணைவிட வாடைதான் ஆட்களைத் தள்ளி வைக்கிறது. செத்த திசுவில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் வெளியேற்றும் கொழுப்பு அமிலங்களும், புட்ரெசின், கடாவெரின் என்னும் பொருட்களும், கந்தகச் சேர்மங்களும் சேர்ந்ததுதான் அந்த வாடை. ஆகவே மேலே வாசனை தெளிப்பதில் பயனில்லை. வாசனையும் வாடையும் கலந்து இன்னும் குமட்டும். பிறகு அந்த வாசனை எங்கே வீசினாலும் அவருக்குப் புண்தான் நினைவுக்கு வரும்.

அளவை எழுதத் தூரமே நல்ல அளவுகோல். கட்டு மூடியிருக்கும்போதே அறை வாசலில் வருகிறதா, கட்டைப் பிரித்தால் மட்டும் அறையில் வருகிறதா, பிரித்த பிறகு கிட்டே குனிந்தால்தான் வருகிறதா. கூடவே இருப்பவர் மூக்கு பழகிவிடும், ஆகவே வெளியிலிருந்து வருபவரைக் கேளுங்கள். நோயாளி சொல்வதை மட்டும் யாரும் மறுக்க வேண்டாம். உங்களுக்கு வராவிட்டாலும் அவருக்கு வருகிறது என்றால் வருகிறதுதான்.

மருந்து, இந்தக் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல். 0.75 சதவீத ஜெல்லைக் கழுவிய புண்ணின் மேல் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை தடவி, 5 முதல் 7 நாள் பார்ப்பது வழக்கம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளிலேயே வித்தியாசம் தெரியும். ஜெல் இல்லாத இடத்தில் மாத்திரையை நைசாகப் பொடித்து, சலித்து, புண்ணில் தூவுகிறார்கள். மேல் பூச்சுத் துகள் குருணையாக நின்றால் உறுத்தும், சலிப்பது அதற்காக. வாய்வழி என்றால் 400 மி.கி. நாளுக்கு இரண்டோ மூன்றோ முறை மருத்துவர் எழுதுவார். ரத்த ஓட்டமே இல்லாத செத்த திசுவுக்கு மாத்திரை போய்ச் சேராது. ஆழத்தில் இருக்கும் கிருமிக்கு ஜெல் எட்டாது. எதை எப்போது என்று முடிவு செய்ய இந்த வேறுபாடு உதவும். மாத்திரை எடுக்கும்போது மது கூடாது, வாயில் உலோகச் சுவை தட்டும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் கை கால் மரத்துப்போகலாம். இன்னொன்று பலரும் கவனிக்காமல் விடுவது: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் ரத்தம் உறைவது மேலும் தாமதமாகும். ஏற்கெனவே கசியும் புண்ணில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் ஜெல் தடவ வேண்டுமென்றால் தொடும் அடுக்கைத் தினமும் எடுக்க வேண்டுமே என்ற கேள்வி வரும். சிலிகோன் வலையின் கண்கள் திறந்தவை. ஜெல்லை வலையின் மேலேயே தடவலாம், கண் வழியாக இறங்கும். வலையை எடுக்கவே வேண்டியதில்லை.

கரி டிரெஸ்ஸிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. வாடை மூலக்கூறுகளைக் கரி பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டினால்தான்; ஓரம் திறந்திருந்தால் காற்று அந்த வழியே போய்விடும், கரி வேடிக்கை பார்க்கும். பெரும்பாலான வகைகள் நனைந்ததும் செயலிழக்கும், ஆகவே உறிஞ்சும் பேடுக்கு மேலே, கடைசி அடுக்காக. விலை உயர்ந்த இந்தப் பொருள் நேரே புண்ணின் மேல் வைக்கப்பட்டு அரை மணியில் நனைந்து வீணாவதைப் பல இடங்களில் காணலாம். மருத்துவத் தரத் தேனும் வாடையைக் குறைக்கும், ஆனால் முதல் சில நாள் நீரை இழுத்துக் கூட்டும், சிலருக்குக் கடுமையாக எரியும். கழற்றிய கட்டை இரட்டைப் பையில் கட்டி உடனே அறையை விட்டு வெளியே கொண்டுபோவது எந்த மருந்துக்கும் குறையாத உதவி. ஈ மொய்க்கும் இடத்தில் புண்ணைக் காற்றாட விடுவதாக நினைத்துத் திறந்து வைக்கவே கூடாது. ஒரு நாளில் முட்டை பொரிந்து புழு வந்துவிடும்.

சுற்றுத் தோலும் வைக்கக் கூடாதவையும்

புண்ணைச் சுற்றியுள்ள தோல் வெளுத்து, ஊறி, தோலுரிந்தால் அது நோய் பரவியதல்ல, நீர் செய்த வேலை. ஒவ்வொரு முழுக் கட்டுக்கும் ஆல்கஹால் இல்லாத தடுப்புப் படல ஸ்ப்ரே, காய்ந்த பிறகே பேட். ஜிங்க் களிம்பும் காக்கும், ஆனால் அதன் மேல் பிளாஸ்டர் நிற்காது. தோல் மிகவும் மெலிந்தவருக்கு ஒரு வழி: புண்ணிலிருந்து தள்ளி, நல்ல தோலில், ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து ஒட்டிக்கொள்ளும் ஹைட்ரோகொலாய்டு பட்டைகளைச் சட்டம் மாதிரி நாலு பக்கமும் ஒட்டிவிட்டு, பிளாஸ்டரை அந்தப் பட்டையின் மேல் மட்டும் ஒட்டுவது. பட்டை ஒரு வாரம் இருக்கும், பிளாஸ்டர் தோலைத் தொடாது. அதே ஹைட்ரோகொலாய்டைப் புண்ணின் மேலேயே ஒட்டி மூடுவது வேறு விஷயம். நீர் நிறைந்த, காற்றில்லாக் கிருமி வாழும் புண்ணை அப்படி அடைத்தால் வாடையும் நீரும் பெருகும், உரிக்கும்போது ரத்தம் வரும்.

ஆறும் புண்ணில் வெற்றி பெற்றவற்றை அப்படியே இங்கே கொண்டுவருவதிலும் ஆபத்து உண்டு. காற்றை உறிஞ்சிப் புண்ணை மூட வைக்கும் வாக்குவம் கருவி, புற்றுள்ள புண்ணில் கூடாதென்று விலக்கப்பட்டது. வளர்ச்சிக் காரணி கலந்த பெகாப்லெர்மின் ஜெல்லும் அதேபோல. வளரத் தூண்டும் மருந்தைக் கட்டியின் மேல் யாராவது தடவுவார்களா? சர்க்கரைப் புண் பழக்கத்தில் தடவுகிறார்கள்.

இடத்தைப் பொறுத்தும் கட்டு மாறும். தலையில் பிளாஸ்டரே வேண்டாம். பேடின் மேல் குழாய் வலை, அதன் மேல் பருத்தித் தொப்பி. முடி உள்ள இடத்தில் ஒட்டிப் பிய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். மண்டை ஓடு தெரிந்தால் எலும்பு காயாமல் ஹைட்ரோஜெல் வைத்து மூட வேண்டும். முகத்தில் ஓரத்தில் சிலிகோன் உள்ள மெல்லிய ஃபோமைப் புண்ணின் வடிவத்துக்கு வெட்டி வைத்தால் வெளியே போக மனம் வரும். கழுத்தில் சுற்றிக் கட்டக் கூடாது. வீக்கம் கூடினால் அந்தச் சுற்றே இறுக்கும். அக்குளில் உடலோடு ஒட்டிய பனியன் பேடைப் பிடித்துக்கொள்ளும்.

ரத்தம்

பெரும்பாலான கசிவு, கட்டைப் பிரித்த கையால் வருவது. மேலே சொன்ன அடுக்கு முறையின் முழு நியாயமும் இதில்தான் இருக்கிறது. கடற்பாசியிலிருந்து எடுத்த நாரால் ஆன டிரெஸ்ஸிங்கான ஆல்ஜினேட், காய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கும் என்று பெயர் பெற்றது அது, நீர் நிறைய இருந்தால் நல்லதும்கூட. நீர் குறைந்து நார் காய்ந்து ஒட்டிவிட்டால், நிறுத்திய கசிவை எடுக்கும்போது அதுவே மறுபடி திறந்துவிடும். வைத்தால் எடுக்கும் முன் நன்றாக ஊற வையுங்கள்.

கசிந்தால் முதலில் அழுத்தம். சலைனில் நனைத்த காஸ் வைத்து, இடையில் தூக்கிப் பார்க்காமல், 10 முதல் 15 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பது, உறையத் தொடங்கியதைக் கலைப்பது. நிற்கவில்லை என்றால், ரத்தக் கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமில ஊசிமருந்தை, 5 மி.லி.யில் 500 மி.கி. உள்ள ஆம்பியூலை, காஸில் ஊற்றி மீண்டும் அதே நேரம் அழுத்துவது. அட்ரினலின் 1:1000 நனைத்த காஸ் கையில் இருந்தாலும் கடைசி வழியாக, சில நிமிடம் மட்டும். நாளத்தைச் சுருக்கும், ஆனால் அதன் வீரியம் குறைந்ததும் மறுபடி கசியும், நெடுநேரம் வைத்தால் திசு சாகும். மெதுவாக ஊறிக்கொண்டே இருக்கும் பரப்புக்கு வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் 1 கிராம் சுக்ரால்ஃபேட் மாத்திரையைப் பொடித்து நீரில் கரையும் ஜெல்லில் குழைத்துப் பூசுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், ஆஸ்பிரின் உள்பட, இனியும் தேவையா என்று மருத்துவரிடம் ஒரு முறை கேட்பது இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

கழுத்து, அக்குள், தொடை மடிப்பு இம்மூன்றிலும் பெரிய நாளம் மேலாக ஓடுகிறது. புண் அந்தப் பக்கம் அரித்துக்கொண்டு போனால் வீட்டாரிடம் முன்னதாகவே பேசிவிட வேண்டும். சின்னச் சின்னக் கசிவுகள் திடீரென்று வரத் தொடங்குவது, புண்ணுக்குள் துடிப்பு தெரிவது இரண்டும் எச்சரிக்கை. கருநீலம், கரும்பச்சை, அடர் சிவப்பு நிறத்தில் பெரிய துண்டுகளைக் கட்டிலருகே அடுக்கி வையுங்கள். வெள்ளைத் துணியில் அரை டம்ளர் ரத்தம்கூட வெள்ளமாகத் தெரியும். பெரிய நாளமே உடைந்தால் பதற்றத்தைத் தணிக்க மருத்துவர் எழுதி வைத்த மிடாசோலம் எங்கே இருக்கிறது, யார் கொடுப்பது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். மருந்தை எடுக்க ஓடுவதைவிட அவர் பக்கத்தில் ஒருவர் இருப்பது முக்கியம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம்.

நோயாளி பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும் கடைசி நாட்களில் அட்டவணைப்படி முழுக் கட்டையும் பிரிக்க வேண்டிய அவசியமில்லை. ரத்தம் கசிந்தால், வாடை தாங்காவிட்டால், வலை நனைந்து நகர்ந்துவிட்டால், அல்லது அவரே கேட்டால் பிரிக்கலாம். மற்றபடி, புரட்டிப் படுக்க வைக்கும்போது வெளி பேடை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதை வைத்தால் போதும். விழுங்க முடியாமல் போயிருப்பார் என்பதால் பிரிக்கும் முன் கொடுக்கும் வலி மருந்தைத் தோலடி ஊசியாக மாற்றி எழுதி வாங்கி வைத்திருங்கள். வலை, பேட், சலைன் மூன்றும் குறைந்தது மூன்று நாளுக்குக் கையிருப்பில் இருக்கட்டும். கடை மூடிய இரவில்தான் பெரும்பாலும் தேவைப்படும்.